குளிர்ந்த குவளை

தெருவில் அவளுக்குக் கிருமியக்கா என்று பெயர். ஆரம்பத்தில் அவளுக்கு அது பொறுக்கவில்லை. "கிருமின்னா நோய். நான் வளர்க்கிறது நோய் இல்ல, நல்லது செய்யற உயிர்" என்று கடை கடையாக நின்று விளக்கிப் பார்த்தாள். விளக்க விளக்கப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. காய்கறிக்கடைக்காரர் அவள் தொட்டுவிட்டு வைத்த தக்காளியை மட்டும் துணியால் துடைப்பார். அதையும் பார்த்தும் பார்க்காததுபோல் வரப் பழகிக்கொண்டாள்.

தெருக்கோடியில் விவசாயிகள் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பழைய வீட்டில் அவளுடைய வேலை. முன்னறையில் கரித்தூள். அதைச் சலிக்கும் பெண்ணின் முகத்தில் பல்லும் கண்ணும்தான் வெள்ளை. நாளெல்லாம் சலித்தாலும் அவளுக்குச் சலிப்பு வந்து யாரும் பார்த்ததில்லை. நடு அறையில் சர்க்கரைக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குடுவைகள் ஒரு மேசைமேல் பொழுதுக்கும் ஆடிக்கொண்டிருக்கும். சமையலறையாக இருந்த இடத்தில் ஒரு பெரிய பிரஷர் குக்கர், குடுவைகளை வேகவைக்க. அதையொட்டிக் குடுவை கழுவும் அறை. பின்னால் முற்றம், குழாயடி, சுற்றிலும் சுவர். வீடு முழுக்க லேசான புளித்த வாடை. அந்த வாடை அவள் புடவையிலும் தலையிலும் ஏறிக்கொண்டு வீட்டுக்கும் கூடவே போகும்.

குடுவையில் வளர்வது பயறுச் செடியின் வேரில் குடியேறுகிற நுண்ணுயிர். அதைக் கரித்தூளில் பிசைந்து பொட்டலம் போட்டு சங்கத்துக் கடைக்குக் கொடுப்பார்கள். விவசாயி அதை விதையில் பூசி விதைப்பார். காற்றில் தழைச்சத்து கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதை எடுத்துச் சாப்பிடச் செடிக்கு வாய் கிடையாது. இந்த உயிர் வேருக்குள் புகுந்து கடுகுபோல் முடிச்சுக் கட்டி உட்கார்ந்துகொண்டு, காற்றிலிருந்து சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி இனிப்புக் கொடுக்கும். ஒருவருக்கொருவர் உழைத்துப் போட்டுக் குடித்தனம் நடத்துவதுதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் யூரியா கிடந்தால் செடி இந்த விருந்தாளிக்குக் கதவே திறக்காது. ஆக்கி வைத்தது இருக்கும்போது அடுப்பு மூட்டுவானேன் என்று இருந்துவிடும். அதனால்தான் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: இதைப் பூசினால் யூரியா போட வேண்டாம்.

அவள் தாவரவியல் படித்தவள். படிப்பு முடிந்தபோது வேலை கிடைக்கவில்லை, மாப்பிள்ளை கிடைத்தார். பெண் குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, குடுவை கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தாள். பொறுப்பாளராக இருந்த அம்மாள் வெளிநாடு போகும்போது சாவிக்கொத்தையும், குளிர்பெட்டியின் மேல்தட்டில் பஞ்சடைத்து நின்ற ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயையும் இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதுதான் தாய்க்குழாய். எல்லாக் குடுவைக்கும் அதிலிருந்துதான் வித்து. மாதா மாதம் அதைப் புதுக் குழாய்க்கு மாற்றி, புது இனிப்புப் போட்டு, வாடாமல் வதங்காமல் அவள் காத்து வந்தாள். மகள் கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். குழாய் போகவில்லை. "உனக்கு மூத்த பிள்ளை அந்தக் குழாய்தான்" என்று கணவர் கிண்டல் செய்வார்.

போகும்போது அந்த அம்மாள் ஒன்று சொல்லியிருந்தாள். இந்த உயிரை அவ்வப்போது செடியில் ஏற்ற வேண்டும். நல்ல முடிச்சு ஒன்றைப் பறித்து அதிலிருந்து திரும்ப எடுத்துப் புதுத் தாய்க்குழாய் போட வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கிற வேலை அது. விதைப்புக் காலம் முடியட்டும் என்பாள் கிருமியக்கா. முடிந்தால் அடுத்த விதைப்புக்கு ஆர்டர் வந்து நிற்கும். சங்கத்தின் தலைமை ஆய்வகத்திலிருந்து புது வித்து அனுப்பட்டுமா என்று கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். "என் குழந்தை நல்லாத்தான் இருக்கு" என்றாள். குடுவையில் அது பொங்கிப் பொங்கி வளர்வதைக் கண்ணால் பார்க்கிறாளே, பிறகென்ன.

போன பருவத்தில் பொட்டலங்கள் கவிழ்த்துவிட்டன. வாங்கிப் போட்டவர்களின் வயலெல்லாம் வெளிறிப்போய் நின்றன. கிருமியக்கா விடவில்லை. பொட்டலங்களை வெயில் காயும் தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்து உயிரையெல்லாம் அவித்துவிட்டான் என்று சங்கத்துக் கடைக்காரனோடு நடுத்தெருவில் நின்று சண்டை போட்டாள். அவன் கொட்டகையில் வைத்தது உண்மைதான். ஆனால் சண்டை முடிந்து வீட்டுக்கு வந்தபின் நெஞ்சுக்குள் ஒரு முள் தைத்தது. ஒருவேளை கொட்டகை காரணம் இல்லையென்றால்? அந்த நினைப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

சங்கத்தின் கொள்முதல் அதிகாரி நல்ல மனிதர். நேரில் வந்தே சொன்னார். "செடியில காட்டுங்கம்மா. நான் வந்து பாத்து எழுதிக் கொடுக்கறேன். இல்லேன்னா இந்த இடத்தை மூடிடலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மூடினால் அவளோடு கரி சலிக்கும் பெண்ணும் பொட்டலம் ஒட்டும் பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைவிட, அவளுக்கு அந்த முள்ளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. முற்றத்தில் தொட்டிகளை அடுக்கினாள். மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் உயிர் எதுவும் கலக்கக் கூடாது என்று ஆற்று மணலைக் கழுவிக் கழுவி வேகவைத்து நிரப்பினாள். தட்டைப்பயறு விதைத்தாள். ஒரு வரிசைக்கு எதுவும் இல்லை. ஒரு வரிசைக்கு யூரியா, வாரம் ஒருமுறை, அவளே கரைத்து ஊற்றுவாள். நடு வரிசைக்கு அவளுடைய கிருமி மட்டும்.

தண்ணீர் ஊற்றும் வேலை கணவருக்கு. அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். தெருவில் அவருக்கு டிரைவர் என்றே பெயர். இடுப்பு வலி வந்து வண்டியை விட்டு இறங்கியபின் இந்த வீட்டில் எடுபிடி வேலை பார்த்தார், தேவைப்பட்டால் பொட்டலம் ஏற்றும் பழைய வேனையும் ஓட்டுவார். குனிய முடியாது. பூவாளியை நின்றவாறே சாய்த்து, ஒவ்வொரு தொட்டிக்கும் "குடி, குடி" என்று சொல்லி ஊற்றுவார். யாரையாவது எதையாவது சாப்பிட வைத்தால்தான் அவருக்குப் பொழுது போன மாதிரி இருக்கும்.

விதைக்குள் இருந்த சாப்பாடு தீரும்வரை எல்லாத் தொட்டியும் ஒரே பச்சை. தீர்ந்ததும் யூரியா வரிசை மட்டும் கருகருவென்று எழுந்தது. நடு வரிசை மஞ்சளாகத் தொடங்கியது. இது பசிக்காலம், முடிச்சு வேலையைத் தொடங்கும்வரை கொஞ்சம் வெளிறத்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள். கரி சலிக்கும் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னாள். ஆனால் தெரிவது வேறு, தினமும் காலையில் வந்து அந்த முகங்களைப் பார்ப்பது வேறு. ஒவ்வொரு நாளும் இன்று திரும்பிவிடும் என்று கதவைத் திறப்பாள். நேற்றைக்கு இன்று இன்னும் கொஞ்சம் மஞ்சள். வரிசையிலேயே ரொம்பவும் வெளிறிப்போன ஒரு தொட்டியை எடுத்துக் குடுவை கழுவும் அறையின் ஜன்னலில் வைத்துவிட்டாள். வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும் என்ற பயம். சின்னத் திருட்டுத்தனம்தான், அவளுக்கே தெரிந்தது. கைகழுவும்போது அதற்கும் அவளே ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவாள்.

அவள் சாப்பாடு குறைந்தது. தூக்கம் போனது. ஒருநாள் மத்தியானம் வீட்டில் டிரைவர் சமைத்துப் பரிமாற, இரண்டு வாய் எடுத்தவள் தட்டைத் தள்ளினாள்.

"ஏம்மா, உப்பு ஜாஸ்தியா?"

"அதுங்க பட்டினியில சாகுதுங்க" என்றாள். "நான் தினம் போய் நின்னு பாத்துக்கிட்டு வரேன். என்னால முடியல." தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். மகள் கல்யாணத்தில்கூட அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. கை கழுவாமலே எழுந்து போய்விட்டாள். அவர் அவளுடைய தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் அதிசயம் நடந்தது. நடு வரிசையின் இளந்தளிரில் பச்சை ஏறியது. பிறகு கீழ் இலைக்கும் இறங்கியது. கரி சலிக்கும் பெண் கறுத்த கையோடு ஓடிவந்து கிருமியக்காவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. பெண்கள் எல்லாரும் முற்றத்தில் நின்று டீ குடித்தார்கள். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். பரிமாறிய டிரைவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, பாவம் மனிதர், நம்மால் எவ்வளவு கவலைப்பட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

ஆனால் பச்சை நிற்கவில்லை. யூரியா வரிசையைப் பிடித்துவிடும்போல் கறுத்துக்கொண்டே வந்தது. அவளுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலை உள்ளே தள்ளிப் பூட்டினாள். நல்லது நடக்கும்போது தோண்டித் துருவிப் பார்க்க யாருக்கு மனசு வரும்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள், உச்சி வெயில். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் அந்த நேரத்தில் கொதிக்கும்; டீ போட அடுப்பே வேண்டாம் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். குழாயடியில் பூவாளி நிரம்பி நின்றது. பக்கத்தில் கல்மேல் தகரக் குவளை. டிரைவர் தோளுக்குத் துண்டு எடுக்க உள்ளே போயிருந்தார். அவர் இடுப்பைப் படுத்த வேண்டாம் என்று அவளே ஊற்றிவிடலாமென வந்தவள், வழியில் இருந்த குவளையை நகர்த்தக் கையை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

வெளியே வியர்த்துக்கூட இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. யூரியாவைக் கெட்டியாகக் கரைத்தால் தண்ணீர் குளிர்ந்துபோகும். வாரா வாரம் அவளே கரைத்துக் கை குளிர்ந்திருக்கிறாள். இன்று யூரியா ஊற்றும் நாள் இல்லை.

டிரைவர் வாசற்படியில் வந்து நின்றார். அவள் கை குவளைமேல் இருப்பதைப் பார்த்தார்.

"இதுல என்னங்க?"

"தண்ணிதான்."

"என்னங்க. இதுல என்ன?"

அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "ரெண்டு கை அள்ளிக் கரைச்சேன். அப்படியே ஊத்தல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பூவாளியில விட்டேன். நீதானே சொன்னே, பட்டினியில சாகுதுன்னு."

அவள் நடு வரிசைக்குப் போனாள். ஒரு செடியை வேரோடு உருவி வாளித் தண்ணீரில் அலசினாள். வேர் நீளமாக, வழவழவென்று, மொட்டையாக இருந்தது. இன்னொன்று. அதுவும் மொட்டை. யூரியாவைக் கண்ட செடி கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. அவளுடைய கிருமி வேலை செய்யுமா செய்யாதா என்று இனி இந்த வரிசையிடம் கேட்டுப் பயனில்லை. திரும்ப விதைக்க நாளும் இல்லை.

"கத்து" என்றார் அவர். "நாலு வார்த்தை கத்திடு. இப்படி நிக்காதே."

அவளுக்குக் கத்தத் தெம்பு இல்லை. வாளியின் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வலியில் முகம் கோணியது. அவளைத் தொடக் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

சாயங்காலம் கரி சலிக்கும் பெண் விஷயத்தைக் கேள்விப்பட்டாள். அவளுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "சும்மா இருந்துடுங்கக்கா. வரவங்க இலையைப் பாப்பாங்க, தலையை ஆட்டிட்டுப் போவாங்க. எவன் வேரைப் பிடுங்கப் போறான்? நம்ம கிருமி நல்ல கிருமிதானே?"

"நல்ல கிருமிதானா?" என்று கேட்டாள் கிருமியக்கா.

"என்னக்கா இது. நீங்களே என்னைக் கேட்டா நான் எங்க போக?"

மறுநாள் அதிகாரி தனியாக வரவில்லை. போன பருவத்தில் வயல் போனவர்களில் ஒருத்தியையும் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார், அவர்கள் தரப்பில் ஒருவர் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று. வெயிலில் கறுத்த, ஒல்லியான பெண். அதிகாரி அவளைப் பயறுக்காரம்மா என்று கூப்பிட்டார். அவள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, எதையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து முற்றத்துக்கு வந்தாள்.

"அடடா" என்றார் அதிகாரி. "நல்லா வந்திருக்கே. இதுக்கா நீங்க இவ்வளவு பயந்தீங்க?" போனை எடுத்து நடு வரிசையை நின்று ஒரு படம், உட்கார்ந்து ஒரு படம் எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கரி சலிக்கும் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். டிரைவர் சுவரோடு சுவராக நின்றார். கிருமியக்கா வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்றுதான் முடிவு செய்து வந்திருந்தாள். பேனா எழுதி முடித்தால் பெண்களுக்கு வேலை இருக்கும். கிருமி நல்லதாகவும் இருக்கலாம், யார் கண்டது.

பயறுக்காரம்மா அவள் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகப் பேசினாள். "போன தடவை பொட்டலத்து மேல எழுதியிருந்ததை நம்பி யூரியாவே போடலம்மா. பக்கத்து வயல்காரன் போட்டான், அறுத்தான். எனக்கு ஒண்ணும் மிஞ்சல. என் மாமியார் இன்னும் சொல்லிக்காட்டிக்கிட்டுத்தான் இருக்கு, படிச்சவங்க எழுதினா எதையும் நம்பிடுவியான்னு." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "இந்தத் தடவை யூரியா போடாம விடலாமாம்மா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா விட்டுடறேன்."

விடலாம் என்ற ஒரு சொல்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று கிருமியக்கா உள்ளே போனாள். குடுவை கழுவும் அறையின் ஜன்னலில் அந்தத் தொட்டி நின்றது. பச்சை ஏறிய நாளிலிருந்து யாருக்கும் அதன் நினைப்பே இல்லை. டிரைவரின் பூவாளி அந்த அறைக்குள் வந்ததில்லை. செடி இன்னும் மஞ்சளாக, ஒடுங்கி, ஆனால் உயிரோடு இருந்தது. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி. பிடுங்கினால் செத்துவிடும், பிடுங்காமல் பதில் இல்லை. நேற்றே பிடுங்கிப் பார்த்திருக்கலாம். அவளுக்குத் தைரியம் இல்லாமல் போனதுதான் உண்மை. இப்போதும் இல்லை. ஆனாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் அதிகாரி. "இதை விடுங்க, நோஞ்சான்."

அவள் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, மணலை உதிர்த்து, வேரை வாளியில் மெதுவாக அலசினாள். தூக்கியபோது வேர் முழுக்கப் பொடிப்பொடியாக முடிச்சுகள்.

"இருக்கே" என்றார் அதிகாரி. "நிறைய இருக்கே. இன்னும் என்ன வேணும்?" கதவுக்குப் பின்னால் கரி சலிக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் மூச்சுவிட்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது முறையாக அவளுக்கு வழி திறந்திருந்தது. ஆனால் அந்த முடிச்சுகளின் இருப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. உழைக்கிற முடிச்சு தண்டுக்குக் கீழே, தாய்வேரில், கூட்டமாகப் பெரிதாக உட்கார்ந்திருக்கும். இவை நுனிவரை கண்ட இடமெல்லாம் சிதறிக் கிடந்தன. ஒன்றைக் கிள்ளிக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பிளந்தாள். உழைக்கிறதென்றால் உள்ளே ஈறுபோல் சிவந்திருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தது. இன்னொன்று, வெள்ளை. பெரிதாகத் தெரிந்த ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிளந்தாள். அதுவும் வெள்ளை.

அவள் கண்முன் குளிர்பெட்டியின் மேல்தட்டு வந்தது. மாதா மாதம் புது இனிப்பு. கேட்காமலே சாப்பாடு. வருடக்கணக்காக ஒரு செடியைக் கண்ணில் காட்டாமல், வேரென்றால் என்னவென்றே மறந்துபோகும்படி அவளே ஊட்டி ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

"இது உள்ள வந்து உக்காந்து சாப்பிடுது" என்றாள். "வேலை செய்யல."

அதிகாரி பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நான் அதைப் பாக்கல. எனக்கு இலை பச்சையா இருக்கு, போதும்."

"அது யூரியாப் பச்சை சார்."

"நான்தான் ஊத்தினேன்" என்றார் டிரைவர் சுவரோரத்திலிருந்து. "அவளுக்குத் தெரியாது. எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க."

அதிகாரி இருவரையும் பார்த்தார். பிறகு நின்றுகொண்டே எழுதினார், சின்னதாக. "இந்த மாசத்தோட சாவியைக் கேப்பாங்க" என்றார். "நீங்க பேசாம இருந்திருக்கலாம்மா." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. கரி சலிக்கும் பெண் முன்னறைக்குப் போய்ச் சல்லடையை எடுத்து, சலிக்காமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிருமியக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பயறுக்காரம்மா ஜீப்பில் ஏறவில்லை. முற்றத்தில் அப்படியே நின்றாள். "அப்ப என் வயல் போனது கடைக்காரனால இல்ல."

"இல்ல. என்னால."

அவள் திட்டுவாள் என்று கிருமியக்கா எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. பயறுக்காரம்மா குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். சூடான தண்ணீர் பட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உங்க பக்கம் ஒரு செடிகூடவா பிழைக்கல?" கிருமியக்கா கேட்டாள். கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தேதான் கேட்டாள். வேறு கேட்பதற்கும் ஆள் இல்லை.

"பிழைச்சா அறுத்திருக்க மாட்டேனா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வேலியோரம் ஒரு கொடி தானா முளைச்சுக் கிடக்கு, எப்பவோ சிந்தின விதை. நீங்க கொடுத்ததும் இல்ல, யாரும் போட்டதும் இல்ல. மாடு மேய்ஞ்சுட்டுப் போவுது, மறுபடி தழையுது. அதைக் கேக்கறீங்களா?"

கிருமியக்கா எழுந்து நின்றாள். "அது இன்னும் இருக்கா?"

"நேத்துவரைக்கும் இருந்துச்சு."

வேனை டிரைவர்தான் ஓட்டினார். பயறுக்காரம்மா பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கதவைத் தட்டித் தட்டி வழி சொன்னாள். கிருமியக்கா முன்னால், அவர் பக்கத்தில். அவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார். "மூடப்போற இடத்துக்குக் கிருமி தேடி என்ன செய்யப்போறே?"

"தெரியல."

கொஞ்ச தூரம் போனபின் அவர் மறுபடி தொடங்கினார். "நான் மட்டும் அந்தக் குவளையைத் தொடாம இருந்திருந்தா..."

"நீங்க கொஞ்ச நாள் ஊட்டினீங்க" என்றாள். "நான் எத்தனை வருஷமா ஊட்டினேன்னு பாத்தீங்கல்ல. அதுக்கு வேலையே மறந்துபோச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனிமே அதைப் பேசாதீங்க."

வேலி என்பது கம்பியும் முள்ளுமாக ஒரு வரிசை. அதன் அடியில் குப்பையும் சரளையுமான இடத்தில் கொடி படர்ந்து கிடந்தது. மாடு கடித்த நுனிகள். அதற்குக் கீழே இலைகள் திடமாக, பச்சையாக. கிருமியக்கா மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். பக்கவேர் ஒன்று வந்தது. அதில் இரண்டு மூன்று முடிச்சுகள், பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கிள்ளி நகத்தில் வைத்தவளுக்குப் பிளக்கத் தைரியம் வரவில்லை. பயறுக்காரம்மா அவள் விரலைப் பிடித்துத் தன் விரலால் அழுத்தினாள்.

நகத்தில் சிவப்பாகக் கசிந்தது.

"என்ன, ரத்தமா?" என்றாள் பயறுக்காரம்மா.

"கிட்டத்தட்ட" என்றாள் கிருமியக்கா. மண் கையால் முகத்தை மூடிக்கொண்டு, ஊரார் வேலியோரம் என்ற நினைப்பே இல்லாமல் விசும்பி அழுதாள். பயறுக்காரம்மா தேற்றவில்லை, போகவும் இல்லை; பக்கத்தில் குந்தி மிச்ச வேரைச் சுற்றி மண்ணைப் பறிக்கத் தொடங்கினாள்.

கொடியின் ஒரு கிளையை வேரோடும் மண்ணோடும் தொட்டிக்கு மாற்றினார்கள். அந்தத் தொட்டியை எங்கே வைப்பது, யார் வீட்டு அடுப்பில் குடுவையை வேகவைப்பது என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேர் காய்ந்துவிடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"தண்ணி" என்றாள்.

டிரைவர் வேனில் வெயில்பட்டுக் கிடந்த கேனைச் சாய்த்துக் குவளையை நிரப்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். அதே தகரக் குவளைதான். அவள் வாங்கி, இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குவளை சூடாக இருந்தது. வேருக்கு ஊற்றினாள்.